மைக் அக்கா வீட்டு ஹாட்ஸ்பாட்

மைக் அக்காவுக்குத் தன் குரல் பெரிது என்பது தெரியாது. யாரும் அவளிடம் சொன்னதில்லை. சொல்ல முயன்றவர்கள் உண்டு. ஆனால் அவள், "என்ன சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்டதுமே அவர்களுக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும்.

பள்ளியில் வகுப்புத் தலைவியாக இருந்தபோது ஆசிரியை அவளை வருகைப் பதிவு எடுக்கச் சொல்வாராம். சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த இன்னொரு பள்ளியிலிருந்தும் அதே பெயருள்ள பிள்ளைகள் "உள்ளேன்" என்பார்களாம். கல்யாணப் பதிவு அலுவலகத்தில் "சம்மதமா?" என்று கேட்டதற்கு வெட்கப்பட்டுக்கொண்டே "சம்மதம்" என்றாள். பக்கத்து அறையில் வேறொரு பெண் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பதிவாளர் குரல் வந்துவிட்டதே என்று முத்திரையைக் குத்திவிட்டார். அந்தத் தம்பதி இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். நம்ப விரும்பாதவர்கள் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

அவளுக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. சீட்டுக் கொடுக்கும் கவுண்டர்களுக்கு மேலே ஒரு கண்ணாடி அறை, அதில் ஒரு பக்கம் சாய்ந்த சுழல் நாற்காலி, கொக்கு மாதிரி வளைந்த கழுத்துள்ள மைக், எந்தத் தடத்தில் எந்த வண்டி நிற்கிறது என்று காட்டும் சின்னத் திரைகள். காலையில் உட்கார்ந்தால், அவள் சொன்ன பிறகுதான் அந்த நிலையத்தில் எதுவும் நகரும். ஒருமுறை வராத வண்டியை வந்துவிட்டதாகத் தவறி அறிவித்துவிட்டாள். பணிமனையில் சக்கரம் கழற்றி வைத்திருந்த அந்த வண்டியை, ஓட்டுநர் எப்படியோ சக்கரத்தை மாட்டி ஓட்டிவந்து தடத்தில் நிறுத்திவிட்டு, "கூப்பிட்டீங்களாமே," என்று கேட்டிருக்கிறார்.

ஆனால் ஜனங்கள் அவளைக் கேட்டதற்குக் காரணம் சத்தம் மட்டுமல்ல. வண்டி தாமதமானால் அவள் பூசி மெழுக மாட்டாள். "வண்டி வரவில்லை. எங்கே நிற்கிறது என்று எனக்கும் தெரியவில்லை. தெரிந்தவுடன் உங்களுக்குச் சொல்கிறேன். அதுவரை உட்காருங்கள்," என்பாள். சொன்னதையே இன்னொரு முறையும் சொல்வாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தவித்து நிற்பவர்கள் அதைக் கேட்டதும் உட்கார்ந்துவிடுவார்கள். தெரியாது என்று ஒருவர் தெளிவாகச் சொல்லிவிட்டால் மனசுக்கு ஒரு நிம்மதி. காத்திருப்பவர்களிடம் ஒன்றைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது அவளால் முடியாத காரியம். சொல்லாவிட்டால் அவளுக்குத் தொண்டை அரிக்கும்.

அவள் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். கல்யாணத்துக்கு முன்னால் அதே நிலையத்தில் தினமும் பேருந்து ஏறியவர். ஏறினார் என்று சொல்வதைவிட, ஏறாமல் உட்கார்ந்திருந்தார் என்பதே சரி. "உங்க வண்டி போயிடுச்சே சார்," என்று ஒரு நடத்துநர் சொன்னதற்கு, "பரவாயில்ல, அடுத்ததையும் அவங்கதானே கூப்பிடுவாங்க," என்றாராம். நாள் முழுக்கத் தேய்க்கும் இயந்திரத்தின் பக்கத்திலேயே நிற்பதால் அவர் காது கொஞ்சம் மந்தம். "வெளியிலதான் அவ சத்தம். வீட்டுல மெதுவாத்தான் பேசுவா," என்று அவர் எல்லாரிடமும் சொல்வார். மனதார நம்பித்தான் சொல்வார்.

இப்படி நடந்துகொண்டிருந்த வாழ்க்கையில்தான் நிலைய மேலாளர் ஒரு நாள் கண்ணாடி அறையின் கதவைத் தட்டினார்.

"அக்கா, மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. இனிமே மெஷின் பேசப் போகுது."

"வண்டி வரலைன்னா மெஷின் என்ன சொல்லும்?"

"விரைவில் வரும்னு சொல்லும்."

"எப்ப வரும்னே தெரியலைன்னா?"

"அப்பவும் விரைவில் வரும்னுதான் சொல்லும்."

"வரவே வராதுன்னா?"

மேலாளர் கொஞ்சம் யோசித்தார். "விரைவில்," என்றார்.

ஒரே ஒரு வழி இருந்தது. குரல் தேர்வு ஒன்று வைக்கிறார்கள். தேறினால் மைக் அவளிடமே இருக்கும். தேறாவிட்டால், தவறவிட்ட பொருள்கள் அறைக்கு மாற்றல். அந்த அறையை அவளுக்கு நன்றாகவே தெரியும். நிலையத்தின் பின்பக்கம், கழிப்பறையைத் தாண்டி. குடைகள், ஒற்றைக் கையுறைகள், யாரும் கேட்டு வராத ஒரு பல் செட். அங்கே யாரும் பேச மாட்டார்கள். பொருளைத் தொலைத்தவர்கள் வெட்கத்தோடு வந்து, விரலால் காட்டி, வாங்கிக்கொண்டு போவார்கள்.

"தேர்வு எங்கே?"

"எங்கேயும் இல்ல. உங்க போன்லதான். ஒரு செயலி இருக்கு. புதன்கிழமை பதினொரு மணிக்கு மூணு பேர் படத்துல வருவாங்க. மூடின அறையில உட்கார்ந்து பேசணும். வண்டிச் சத்தம் கேட்கக் கூடாது. ஒரே ஒரு தடவைதான் அக்கா. லைன் கிடைக்கலைன்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. போன மாசம் வேற நிலையத்துல ஒருத்தர் அப்படிச் சொல்லித்தான் இப்ப குடை எண்ணிக்கிட்டிருக்கார்."

வண்டிச் சத்தம் கேட்காத இடம் என்றால் வீடுதான். வீடு தரைத்தளத்தில், மாடிப்படிக்குப் பின்னால் இருந்தது. சுவர்கள் தடிமன். போனில் சிக்னல் கோடுகள் வாசலிலேயே செருப்போடு சேர்ந்து நின்றுவிடும். குளியலறைச் சன்னலைத் திறந்தால் காற்றுக்காக விட்டிருக்கும் ஒரு செங்குத்தான சந்து, கீழிருந்து மொட்டை மாடி வரை போகும். எல்லா வீட்டுக் குளியலறையும் சமையலறையும் அந்தச் சந்தைத்தான் பார்த்திருக்கும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மைக் அக்கா வைத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் இணையம் உண்டு. ஆனால் அதே வாரம் ரவுட்டர் பெட்டி விளக்கெல்லாம் அணைந்து படுத்துவிட்டது. கம்பெனிக்குப் போன் செய்தால், ஆள் விரைவில் வருவார் என்று ஒரு மெஷின் சொன்னது. அவள் போனையே முறைத்துப் பார்த்தாள்.

கொழுந்தனைக் கூப்பிட்டார்கள். அவன் பிரிண்டருக்கு மை நிரப்பும் கடை வைத்திருப்பவன். பிரிண்டர் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே இருப்பதால், கம்ப்யூட்டரும் அவனுக்குத் தெரியும் என்று குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. அவனும் அதைக் கலைத்ததில்லை.

"ஒண்ணுமில்ல அண்ணி. சுவர்லேருந்து வர்ற வயரை நேரா லேப்டாப்புல சொருகிடலாம். லேப்டாப்புல மொபைல் ஹாட்ஸ்பாட்னு ஒண்ணு இருக்கு. அதைப் போட்டா லேப்டாப்பே ரவுட்டர் மாதிரி காத்துல நெட்டை விடும். உங்க போன் அதைப் பிடிச்சுக்கும்."

சொன்னபடியே செய்தான். போன் பிடித்துக்கொண்டது. படம் ஓடியது. மைக் அக்காவுக்கு நிலையத்தைத் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது.

குளியலறைக்குள் இருந்து கணவர் குரல் கொடுத்தார். குளிக்கும்போது செய்தி கேட்பது அவர் வழக்கம். "ஏம்மா, அந்தப் பாஸ்வேர்டு என்ன? என் போன்லயும் போட்டுக்கறேன்."

அவள் குளியலறைக் கதவருகே போய் நின்றாள். பழக்கதோஷம், முதுகு தானாக நிமிர்ந்தது.

"கவனிக்கவும். பெரிய எழுத்து கே. சின்ன எழுத்து எம். ஏழு. ஏழு. நட்சத்திரக் குறி. நான்கு. பெரிய எழுத்து டி. ஒன்பது. மீண்டும் சொல்கிறேன்."

மீண்டும் சொன்னாள். சந்தில் இருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பிப் போயின. மூன்றாம் மாடியில் யாரோ குழாயை மூடினார்கள். எங்கேயோ ஒரு இழுப்பறை திறந்து, பேனா தேடும் சத்தம் கேட்டது.

மறுநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து போனை எடுத்தால், "இணைக்க முடியவில்லை" என்றது.

கொழுந்தன் வந்தான். லேப்டாப்பை அணைத்துப் போட்டான். போனை அணைத்துப் போட்டான். ஹாட்ஸ்பாட்டை அணைத்துப் போட்டான். அணைத்துப் போட வேறொன்றும் இல்லாததால் சமையலறை விளக்கையும் ஒருமுறை அணைத்துப் போட்டான். கடைசியில், "பாஸ்வேர்டு கெட்டுப் போயிருக்கும் அண்ணி. புதுசா வைக்கிறேன்," என்று மாற்றினான். போன் உடனே பிடித்துக்கொண்டது.

"பாத்தீங்களா?" என்றான்.

"என்ன வச்சே?" என்று சமையலறையிலிருந்து கேட்டார் கணவர்.

அவள் கவனிக்கவும் என்று ஆரம்பித்தாள்.

மறுநாள் மாலை, "இணைக்க முடியவில்லை."

இப்படியே போயிற்று. அவள் வீட்டில் இருக்கும்வரை வேலை செய்யும். வேலைக்குப் போய்த் திரும்பினால் அவளுடைய இடம் போய்விடும், சன்னலோர இருக்கையில் கைக்குட்டை போட்டுவிட்டு இறங்கியவர் கதை மாதிரி. கொழுந்தன் ஒவ்வொரு நாளும் ஒரு காரணத்தோடு வந்தான். ஒரு நாள், "சார்ஜர் சொருகாம வச்சா மெஷின் மின்சாரத்தை மிச்சம் பிடிக்குது," என்று சார்ஜரைச் சொருகினான். இன்னொரு நாள், "ரெண்டு அலைவரிசை இருக்கு அண்ணி. ஒண்ணு வேகமா ஓடும், ஆனா சுவரைத் தாண்டாது. இன்னொண்ணு மெதுவா போகும், ஆனா சுவரைத் தாண்டும். உங்களுக்கு மெதுவா போறதுதான் சரி," என்று எதையோ மாற்றினான். அப்புறம் மீன்தொட்டியைப் பார்த்தான்.

"தண்ணி சிக்னலைக் குடிச்சிடும்."

"மீன் குடிக்குமா?" என்று கேட்டார் கணவர்.

"தண்ணிதான்னு சொன்னேன்."

"தண்ணியைத்தான் மீன் குடிக்குது."

மீன்தொட்டி குளியலறைக்குப் போயிற்று. அதன் பிறகு பீரோவை நகர்த்தினார்கள். இரும்பு பீரோ அலையைத் திருப்பி அடிக்கிறதாம். பீரோ நகர்ந்ததில் கட்டில் நகர்ந்தது, கட்டில் நகர்ந்ததில் படுக்கையறைக் கதவு பாதிதான் திறந்தது. கணவர் ஒரு பக்கமாகத் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டுதான் தூங்கவே போனார். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் புதிய பாஸ்வேர்டு, ஒவ்வொரு பாஸ்வேர்டுக்கும் ஒரு "கவனிக்கவும்", ஒரு "மீண்டும் சொல்கிறேன்".

அந்த நாட்களில் கட்டடத்தில் எல்லாரும் அவளிடம் கூடுதல் அன்பாக இருந்தார்கள். இரண்டாம் மாடி டிராயிங் மாஸ்டர் படியில் பார்த்தால் ஒதுங்கி வழிவிட்டார். மொட்டை மாடி அறையில் இருந்த முடிதிருத்துபவர், "நீங்க செய்யறது பெரிய சேவைங்க," என்றார். நிலையத்து வேலையைத்தான் சொல்கிறார் என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

புதன்கிழமை வந்தது. மைக் அக்கா விடுப்பு எடுத்திருந்தாள். கணவரும் கடைக்குப் போகவில்லை. கொழுந்தன் கையில் ஒரு திருப்புளியோடு வந்தான். ஹாட்ஸ்பாட்டுக்கும் திருப்புளிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை, கையில் ஏதாவது இருந்தால் அவனுக்கும் தைரியம். போன் வழக்கம்போல, "இணைக்க முடியவில்லை" என்றது. மணி பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது கதவு தட்டப்பட்டது. முதல் மாடி தையல்காரம்மா, கழுத்தில் அளவு நாடா, கையில் டிவி ரிமோட்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. நேத்து நீங்க சொன்னதைத்தான் போடுறேன். என் டிவி ஏறவே மாட்டேங்குது. இன்னிக்குப் புதுசு எப்ப சொல்லப் போறீங்க?"

"எதைச் சொல்லப் போறேன்?"

"பாஸ்வேர்டைத்தான். தினமும் சாயங்காலம் சொல்வீங்களே. நான் அடுப்பைக் கூட அணைச்சிட்டு கேட்பேன். நீங்க ரெண்டு தடவை சொல்றது ரொம்ப வசதி. முதல் தடவை கேட்பேன், ரெண்டாவது தடவை எழுதிக்குவேன்."

குளியலறையில் மீன்தொட்டியின் மோட்டார் மட்டும் முணுமுணுத்தது.

"யார் யார் கேட்கறாங்க?" என்றான் கொழுந்தன்.

"யார் கேட்கல? மாடியில எல்லாருமே அவங்கவங்க நெட் லைனை வெட்டிட்டாங்களே. அக்கா இவ்வளவு தூரம் கூப்பிட்டுக் குடுக்கும்போது, தனியா ஒண்ணு வச்சிருந்தா மரியாதையா இருக்காதுன்னு."

கொழுந்தன் லேப்டாப்பில் ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்தான். இத்தனை நாள் அவன் அந்தப் பக்கத்தின் மேல் பாதியை மட்டுமே பார்த்திருந்தான். கீழே தள்ளினால், இணைந்திருப்பவை எட்டு, அனுமதி எட்டு என்று இருந்தது. டிராயிங் மாஸ்டரின் எடை பார்க்கும் இயந்திரம். முடிதிருத்துபவரின் பாட்டுப் பெட்டி. யாருடையதோ ஒரு துணி துவைக்கும் இயந்திரம். கணவரின் போன். இரண்டு டிவி. தன் பெயரை 'அடுப்பு' என்று சொல்லிக்கொள்ளும் ஏதோ ஒன்று. கடைசியாக ஒரு பல் துலக்கும் பிரஷ்.

"பிரஷ்ஷுக்கு எதுக்குடா நெட்டு?" என்றார் கணவர்.

"அண்ணா, நீ முதல்ல இறங்கு."

கணவர் தன் போனை அணைத்தார். அந்த இடத்தை இன்னொரு பல் துலக்கும் பிரஷ் பிடித்துக்கொண்டது.

மைக் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. "தம்பி, நான் அவ்வளவு சத்தமாவா பேசறேன்?"

அவள் அதைக் கேட்டபோது மேலே மூன்றாம் மாடியிலிருந்து ஒரு குரல், "இல்லம்மா, அளவாத்தான் பேசறீங்க," என்றது.

நேரமில்லை. கொழுந்தன் கடைசியாக ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றினான். இந்த முறை வாயைத் திறக்கவே கூடாது என்று எல்லாரையும் பார்த்து விரலை உதட்டில் வைத்தான். தையல்காரம்மாவிடம், "நீங்க கேட்கலை," என்றான். "நான் இங்க வரவே இல்லை," என்று அவளும் உட்கார்ந்தாள்.

யாரும் ஊகிக்கவே முடியாதபடி அவன் நீளமாக வைத்திருந்தான். அதுதான் வினையாயிற்று. வயர் குட்டையாக இருந்ததால் லேப்டாப் கூடத்தில். தேர்வுக்கான மூடிய அறை படுக்கையறை. போன் அங்கே. அவன் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, பாதி திறக்கும் கதவில் வயிற்றை எக்கி நுழைந்து, போனில் அடிப்பதற்குள் பாதி மறந்துவிடும். முதல் முறை தவறு என்றது. திரும்பி வந்தான், பார்த்தான், எக்கினான், அடித்தான். தவறு. மூன்றாவது முறை அறைக்குள் நின்றபடி, போனைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, "ஐயோ, நடுவுல என்ன," என்று முனகினான்.

மைக் அக்கா லேப்டாப் எதிரே உட்கார்ந்திருந்தாள். திரையில் பாஸ்வேர்டு. உள்ளே ஒரு ஆள், தகவலுக்காகக் காத்திருக்கிறான்.

அவள் தன் வாயைப் பொத்திக்கொள்ளப் பார்த்தாள் என்று தையல்காரம்மா பிற்பாடு சாட்சி சொன்னாள். கை பாதி தூரம்தான் போயிற்று.

"கவனிக்கவும்," என்றாள்.

மீண்டும் சொல்கிறேன் என்றும் சொன்னாள்.

கொழுந்தன் பக்கத்தில் இருந்ததால் அவன்தான் முதலில் அடித்தான். போன் இணைந்தது. அடுத்த மூச்சுக்குள் எடை இயந்திரம் வந்தது, பிரஷ் வந்தது, அடுப்பு வந்தது. எட்டு இடமும் நிரம்பிற்று. ஆனால் அவள் உள்ளே இருந்தாள். மணி பதினொன்று.

படுக்கையறையில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே உட்கார்ந்தாள். திரையில் மூன்று பேர் வந்தார்கள். நடுவில் கழுத்துவரை பொத்தான் போட்ட ஒரு அம்மாள், அவர்தான் தலைவர். இரு பக்கமும் இரண்டு ஆண்கள், ஒருவர் கொட்டாவியை மறைத்துக்கொண்டிருந்தார்.

"வணக்கம்மா. நாங்க சொல்ற அறிவிப்பை நீங்க..." என்ற தலைவர் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "...சொல்லுங்க," என்றார்.

"எதைச் சொல்லணும் மேடம்?"

"உங்க குரல் துண்டு துண்டா வருதும்மா."

"இப்ப கேக்குதா?"

"ப்ப... க்கு..." என்று தலைவரே துண்டு துண்டாக வந்தார். மேலே இரண்டு டிவியும் ஒரே நேரத்தில் சண்டைக் காட்சியை இழுத்துக்கொண்டிருந்தன. கொட்டாவிக்காரர் கையில் இருந்த தாளில் எதையோ குறித்துக்கொண்டார்.

கூடத்தில் கொழுந்தன் லேப்டாப்பின் தலையைத் தட்டினான். கணவர் படியேறிப் போய் வீடு வீடாகக் கதவைத் தட்டினார். அவருடைய குரல் தேய்த்த லென்ஸ் மாதிரி, இருப்பதே தெரியாது. எந்தக் கதவும் திறக்கவில்லை.

"அம்மா, இப்படியே போனா முடிச்சுக்க வேண்டியதுதான்," என்றார் தலைவர். அந்த வாக்கியம் மட்டும் முழுசாக, தெளிவாக வந்தது. "குரல் தெளிவில்லைன்னு எழுத வேண்டி வரும். கடைசியா ஒருதடவை பாருங்க."

குரல் தெளிவில்லை. மைக் அக்காவைப் பற்றி இதுவரை உலகத்தில் யாரும் சொல்லாத ஒரு வார்த்தை. அவளுக்கு அந்தக் குடைகள் கண்ணில் தெரிந்தன. அந்தப் பல் செட்டும் தெரிந்தது. அவள் எழுந்து நின்றாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக, தன் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்தே பேசினாள்.

"கவனிக்கவும். இந்த இணைப்பில் ஏறியிருப்பவர்கள் அனைவரும் உடனடியாக இறங்கவும். டிவி, அடுப்பு, பிரஷ் எதுவானாலும் இறங்கவும். நான் திரும்பக் கூப்பிடும்வரை யாரும் ஏற வேண்டாம். மீண்டும் சொல்கிறேன்."

மீண்டும் சொல்லி முடிப்பதற்குள் கட்டடம் இறங்கிவிட்டது. கொழுந்தன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஏழு, ஆறு, ஐந்து. துணி துவைக்கும் இயந்திரம் சுழற்சியின் நடுவில் நின்றது. மொட்டை மாடி அறையில் பாதி மீசை மழித்த ஒரு வாடிக்கையாளர் தானாகவே நாற்காலியை விட்டு இறங்கி ஓரமாக நின்றார். லிப்டில் இருந்தவர்கள், தங்களுக்கு எந்த இணைப்பும் இல்லாவிட்டாலும், அடுத்த மாடியில் இறங்கிக்கொண்டார்கள். லேப்டாப்பில் ஒன்று என்று நின்றது. அந்த ஒன்று அவளுடைய போன்.

"சிக்னல் முழுசா இருக்கு அண்ணி," என்று கத்தினான் கொழுந்தன்.

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். படம் பளிங்கு மாதிரி இருந்தது. அதில் அவள் முகம் மட்டும் இருந்தது. கீழே, "இந்த அழைப்பில் நீங்கள் மட்டுமே இருக்கிறீர்கள்."

கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கணவர் மூச்சிரைக்கப் படியிறங்கி வந்து, எக்கி உள்ளே நுழைந்தார்.

"போயிட்டாங்க," என்றாள். "கோவம் வந்து வச்சிட்டாங்க. முடிஞ்சுது. நாளைக்கே மைக்கைக் கழற்றிடுவாங்க."

கணவர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "கோவம் இல்லம்மா," என்றார். "நீ இறங்கச் சொன்னே. இறங்கிட்டாங்க."

"அவங்களை எங்க சொன்னேன்?"

"ஏறியிருக்கறவங்க எல்லாரும்னு சொன்னியே. அவங்களும்தானே ஏறியிருந்தாங்க?"

அவள் யோசித்தாள். சொன்னது சொன்னதுதான். நிலையத்தில் அவள் இறங்கச் சொன்ன வண்டியில் யாரும் மிச்சம் உட்கார்ந்ததில்லை. அப்படியானால் அந்த மூன்று பேரும் எங்கேயோ ஒரு அலுவலகத்தில், போனைக் கையில் வைத்துக்கொண்டு, அழைப்புக்காகக் காத்திருக்கிறார்கள். ஆனால் செயலியில் அவர்களைக் கூப்பிட எந்தப் பொத்தானும் இல்லை என்பதைக் கண்டாள். தேர்வு எழுதுபவர் தேர்வாளரை அழைக்கக் கூடாதாம்.

"அந்த ஆபீஸ் எங்க இருக்கு?" என்றாள்.

"மூணு ஸ்டாப் தள்ளி," என்றான் கொழுந்தன். "ஓடிப் போய் சொல்லிட்டு வரவா?"

அவள் எழுந்து போனாள். படுக்கையறைச் சன்னலைத் திறந்தாள். அதன் கொக்கி வருஷக்கணக்காகத் துருப்பிடித்துக் கிடந்தது. திருப்புளி அங்கேதான் உதவியது.

"குரல் தேர்வுக் குழுவினர் மூவரும்," என்றாள் சன்னல் வழியாக, "இப்போது ஏறிக்கொள்ளலாம். மற்றவர்கள் காத்திருக்கவும்."

தெருவில் போன ஒரு சைக்கிள்காரர் இறங்கி, சைக்கிளை நிறுத்தி, தான் மூவரில் ஒருவரா என்று யோசித்துவிட்டு மறுபடி ஏறிப் போனார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் போனில் தலைவரின் முகம் வந்தது, அடுத்து ஒருவர், கடைசியாகக் கொட்டாவிக்காரர். இப்போது அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டோம்மா," என்றார் தலைவர்.

"உங்களுக்கு எப்படி மேடம் கேட்டுச்சு?"

"எங்க ஜன்னலும் திறந்துதான் இருந்தது."

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரே கேள்விதாம்மா. வண்டி வரலை. எப்ப வரும்னு தெரியலை. ஜனங்க நிக்கறாங்க. என்ன சொல்வீங்க?"

மைக் அக்கா தினமும் சொல்வதைச் சொன்னாள். வண்டி வரவில்லை. எங்கே நிற்கிறது என்று எனக்கும் தெரியவில்லை. தெரிந்தவுடன் உங்களுக்குச் சொல்கிறேன். அதுவரை உட்காருங்கள்.

ஏற்கெனவே உட்கார்ந்திருந்த மூன்று பேரும் ஒருமுறை எழுந்து மறுபடி உட்கார்ந்தார்கள்.

"மெஷினை வேற எங்காவது வச்சுக்கறோம்," என்றார் தலைவர். "மைக் உங்ககிட்டயே இருக்கட்டும். நாளைக்கு வேலைக்குப் போங்க."

அவளுக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. வராதது நல்லதுதான். கணவர் அவள் தோளைத் தொட்டார். கொழுந்தன் கூடத்திலிருந்தே, "அலைவரிசையை மாத்தி வச்சேன்ல, அதான்," என்றான்.

வாசலில் கசமுசா என்று சத்தம். தையல்காரம்மா கதவைத் திறந்து பார்த்தாள். படிக்கட்டு முழுக்க ஆட்கள். கையில் போனும் ரிமோட்டுமாக, வரிசையாக, ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர். பாதி மீசைக்காரர் கூட நின்றார். டிராயிங் மாஸ்டர் முன்னால் வந்தார்.

"அவசரமில்லை மேடம். இறங்கச் சொன்னீங்க, இறங்கிட்டோம். எப்ப ஏறலாம்னு தெரிஞ்சா போதும். என் எடை மெஷின் வெறுமனே நிக்குது."

"யாரும் ஏற வேண்டாம்," என்றான் கொழுந்தன். "புது பாஸ்வேர்டு அடிச்சு வச்சிருக்கேன், பொத்தானை அமுக்கினா மாறிடும். இனிமே அது குடும்பத்துக்கு மட்டும்தான். அண்ணி, திரையைப் பாக்காதீங்க. அண்ணா, அவங்க கண்ணை மூடு."

மைக் அக்கா படிக்கட்டைப் பார்த்தாள். அத்தனை முகங்கள், ஒன்றும் தெரியாமல் நின்றுகொண்டிருந்தன. லேப்டாப்பைப் பார்த்தாள். தொண்டை அரிக்க ஆரம்பித்தது.

"தம்பி, மெதுவாச் சொல்றேன்," என்றாள்.

"வேண்டாம் அண்ணி."

"ரொம்ப மெதுவா. இவங்களுக்கு மட்டும்." முதுகை நிமிர்த்தினாள். "கவனிக்கவும்."

படுக்கையறையில், கட்டிலின் மேல் அணைக்காமல் கிடந்த போனிலிருந்து தலைவரின் குரல் வந்தது. "ஒரு நிமிஷம்மா. பேனா எடுத்துக்கறேன்."